அற்புதமணி டீச்சரின் ரயிலும் செல்வதுரையின் டிரேட் மார்க்கும்

செல்வதுரையை ‘அவர்’ என்று எழுதவே கை கூசுகிறது. ஆனால் தூத்துக்குடியில் அந்த நாளில் அவரை யாரும் அவன் இவன் என்று சொல்லிவிட முடியாது. கிரேட் காட்டன் ரோட்டில் கடை, சபைக் கமிட்டியில் நாற்காலி, ஆலயத்துக்கு ஓடு மாற்றிக் கொடுத்த பெருமை, எல்லாம் இருந்தது. இந்தக் கதை அவரைப் பற்றியது இல்லை. அற்புதமணி டீச்சரைப் பற்றியது. டீச்சர் கதையைச் சொல்லப் போனால் இந்த ஆளை மிதிக்காமல் தாண்ட முடியவில்லை, என்ன செய்ய!

நாசரேத்தில் பிறந்தவள் அற்புதமணி. தகப்பனார் சீக்கிரமே போய்விட்டார். அண்ணன் ஜெபசீலன்தான் தகர வேலை செய்து தங்கையைப் படிக்க வைத்தான். மண்ணெண்ணெய் டின்னை வெட்டி அவன் படியும் ஆழாக்கும் செய்வான். பக்கத்தில் உட்கார்ந்து மிச்சம் விழுந்த துண்டுகளில் இவள் ரயில் பெட்டி செய்வாள். “ஏளா, கையை வெட்டிக்கிடாத” என்று அவன் கத்துவதும், இவள் காதில் வாங்காததும் வழக்கம். பிறகு அண்ணன் ரங்கூனுக்குக் கப்பல் ஏறினான். தங்கை தூத்துக்குடி மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குத் தையல் டீச்சராக வந்து சேர்ந்தாள். அவள் வாடகைக்குப் பிடித்த வீட்டின் பின்சுவரை ஒட்டித் துறைமுகத்துக்குப் போகிற கூட்ஸ் வண்டிப் பாதை. வண்டி போனால் அடுக்களையில் பாத்திரம் ஆடும். அதனால் யாரும் குடிவராத வீடு அது. அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கத்திரியை எடுத்துவிடுவாள். பிஸ்கட் டின் என்ஜினாகும். குடைக்கம்பி சக்கரத்துக்கு அச்சாகும். பேல் என்கிற பஞ்சுப் பொதியைக் கட்டுகிற இரும்புப் பட்டை ஆலை வாசலில் துருப்பிடித்துக் கிடக்கும். அதைப் பொறுக்கி வந்து தேய்த்துத் தண்டவாளம் போட்டாள். பழைய சுவர்க்கடிகாரத்தின் சுருள்வில்லை எடுத்து என்ஜினுக்குள் வைத்துச் சாவி கொடுத்தால் வண்டி கூடத்தைச் சுற்றிவந்து அடுக்களை வாசலில் நிற்கும்.

பெண்பிள்ளைக்கு ரயில் என்ன ரயில் என்று ஊர் கேட்கத்தான் செய்தது. சாத்தான்குளத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தான். பையன் நல்ல பையன், வாத்தியார் உத்தியோகம். எல்லாம் பேசி முடிந்த பிறகு அவன் அம்மா, “கல்யாணத்துக்கப்புறம் இந்தத் தகர டப்பாவெல்லாம் வேண்டாம்மா, நாலு பேரு சிரிப்பாங்க” என்றாள். “சிரிக்கட்டுமே” என்றாள் அற்புதமணி. அதோடு அந்தச் சம்பந்தம் முடிந்தது. அதற்காக அவள் ஒரு நாளும் மூக்கைச் சிந்தியதில்லை. மறுநாள் ரயிலின் கடைசியில் வருகிற கார்டு வண்டிக்குக் கதவு பொருத்திக்கொண்டிருந்தாள்.

அவளைப் போலவே ரயில் பைத்தியம் பிடித்தவர்கள் ஊரில் இன்னும் சிலர் இருந்தார்கள். ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ஜேசுபாதம், சுங்க ஆபீஸ் கிளார்க் ஒருவர், பாங்கியில் வேலை பார்த்த ஒருவர், அப்புறம் நம்முடைய கடைக்காரர் செல்வதுரை. சனிக்கிழமை சாயந்திரம் டீச்சர் வீட்டில் கூடுவார்கள். கிளார்க் சக்கரம் கடைந்து வருவார், பாங்கிக்காரர் சிக்னல் கம்பம் செய்வார், இவருடையதை அவர் வாங்கிக்கொள்வார், அவருடையதை இவர் வாங்கிக்கொள்வார். செல்வதுரை ஒன்றும் செய்ய மாட்டார். காப்பி குடித்துவிட்டு, “ஆகா, அச்சு அசலா இருக்கே” என்பார். அந்த ஒரு வார்த்தைக்கு அந்த அப்பாவிகள் குளிர்ந்துபோவார்கள்.

அச்சு அசலாக இருந்ததற்குக் காரணம் சின்னம். அந்தப் பாதையில் ரயில் விட்ட கம்பெனிக்கு ஒரு சின்னம் உண்டு: சிறகு வைத்த சக்கரம், சக்கரத்துக்கு நடுவில் ஒரு பனைமரம். நிஜப் பெட்டியில் அது தாம்பாளம் அளவு இருக்கும். டீச்சர் அதைப் புளியங்கொட்டை அளவில் எழுதுவாள். முத்து வியாபாரிகள் முத்தில் பழுது இருக்கிறதா என்று பார்க்கிற பூதக்கண்ணாடியை இரவல் வாங்கிக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, அணில் வால் மயிரில் கட்டிய தூரிகையால், மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதுவாள். பனை ஓலையைக்கூடப் பிரித்துக் காட்டிவிடுவாள். மற்றவர்கள் செய்த பெட்டிகளுக்கும் அவள்தான் எழுதிக் கொடுப்பாள். சின்னம் விழுகிற வரைக்கும் அது வெறும் தகரம். விழுந்துவிட்டதென்றால் மணியாச்சிக்குப் போகிற பாசஞ்சர். பார்த்தவர்கள் அடுத்த ஸ்டேஷன் பெயரைச் சொல்லுவார்கள்.

ஒரு சனிக்கிழமை செல்வதுரை, “டீச்சர், அந்தச் சின்னத்த ஒரு தாள்ல பெருசா வரைஞ்சு கலர் போட்டுத் தாங்களேன். வீட்டுல சட்டம் போட்டு மாட்டணும்” என்றார்.

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்து கொடுத்தாள். அந்தப் படம் சட்டத்துக்குப் போகவில்லை. மதராஸில் ஒரு வக்கீல் மேசைக்குப் போய், அங்கிருந்து பம்பாய்க்குப் போனது.

உலக யுத்தம் நடந்த சண்டைக் காலம். ஜெர்மன் பொம்மையும் ஜப்பான் பொம்மையும் கப்பலில் வருவது நின்றுபோயிருந்தது. செல்வதுரை கடைக்குப் பின்னால் கொட்டகை போட்டுத் தகர ரயில் செய்ய ஆரம்பித்திருந்தார். மொத்தையான வண்டி, சக்கரம்கூட உருளாது. அதை விற்க ஒரு பகட்டு வேண்டும் அல்லவா?

அடுத்த மழைக்கு முந்தி ஒரு சனிக்கிழமை அல்வாப் பொட்டலத்தோடு வந்தார்.

“புதுச் சட்டம் ஒண்ணு வந்திருக்குல்லா, டிரேட் மார்க் சட்டம். பம்பாய்ல பதிஞ்சாச்சு. இனிமே பொம்மை மேல இந்தச் சின்னம் நம்மளது.”

கார்டு ஜேசுபாதம் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். “கம்பெனிச் சின்னம் எப்படிய்யா உம்மதாகும்? நான் காலமெல்லாம் தொப்பியில குத்திட்டுத் திரிஞ்ச சின்னம் அது.”

“கம்பெனிக்காரன் ரயிலுக்கு வச்சிருக்கான் கார்டய்யா. பொம்மைக்கு வைக்கலியே! அவனுக்குச் சண்டைச் சரக்கு ஏத்தவே நேரமில்ல, இத யாரு பாக்கா? வக்கீல் தெளிவாச் சொல்லிட்டாரு. யாரு முந்திப் பதியுதானோ அவனுக்குத்தான்.”

“அப்போ நாங்க எழுதுனா?” என்று கேட்டாள் டீச்சர்.

“உங்க வீட்டுக்குள்ள நீங்க என்னமும் எழுதிக்கிடுங்க டீச்சர், நான் கேக்க மாட்டேன். விலைக்கு வந்தாத்தான் வில்லங்கம்.” சொல்லிவிட்டு அல்வாவைப் பிரித்து ஆளுக்குக் கொஞ்சம் நீட்டினார்.

டீச்சர் கையை மடக்கிக்கொண்டாள். அவள் வரைந்த படத்தைக் காட்டி அவள் கையைக் கட்டுகிறான், அதற்கு அல்வா வேறு! கார்டய்யா தொடவில்லை. மற்ற இருவரும் தின்றார்கள். தின்றுவிட்டு விரலையும் சூப்பினார்கள். தூ, அதையும் சொல்லத்தானே வேண்டும்.

அன்றைக்குப் பிடித்த சனி அது. இவருக்கு அவர் பெட்டி கொடுத்துக் காசு வாங்கினால் அது வியாபாரமா இல்லையா என்று பாங்கிக்காரருக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்தவர் டீச்சரிடமும் கேட்கவில்லை, வக்கீலிடமும் கேட்கவில்லை. தன் பெட்டிகள் மேல் பச்சைப் பெயிண்டை அப்பிவிட்டார். சுங்க ஆபீஸ் கிளார்க் சவர பிளேடை எடுத்து ஒவ்வொரு பெட்டியாகச் சுரண்டினார். டீச்சர் கண்நோக எழுதிய சின்னம் பூராவும் பொடிப்பொடியாக அவர் வேட்டியில் கொட்டியது. “எதுக்கு வம்பு டீச்சர், புள்ளகுட்டிக்காரன் நான்” என்று சப்பைக்கட்டு கட்டினார். சுரண்டிய பெட்டிகளை ஓடவிட்டுப் பார்த்தார்கள். எந்த ஊர் வண்டி என்று சொல்ல முடியாத வண்டி. ஒருவருக்கும் அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. சனிக்கிழமை வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து, கடைசியில் கார்டய்யா மட்டும் எப்போதாவது வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவார்.

டீச்சர் மட்டும் நிறுத்தவில்லை. அவளுக்கு அப்போது ஆண்டவரிடம் பண்ணிய ஒரு பொருத்தனை இருந்தது. பர்மாவில் குண்டு விழுந்து ஜனங்கள் காட்டுவழியே ஓடிவந்த சமயம், அண்ணனைப் பற்றி ஒரு தகவலும் இல்லாமல் அவள் முழங்காலில் நின்று, “அவன் உயிரோட வந்தா என் கையில உள்ளதுலயே உயர்ந்ததக் கொண்டாந்து வைக்கேன் ஆண்டவரே” என்று சொல்லியிருந்தாள். ஜெபசீலன் வந்துவிட்டான். எலும்பும் தோலுமாக, காலெல்லாம் புண்ணாக, நடந்தே வந்துவிட்டான். அவனை நாசரேத்தில் சித்தி வீட்டில் சேர்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அவள் ஒரு புது ரயில் செய்யத் தொடங்கினாள். என்ஜின், பெட்டிகள், கடைசியில் கார்டு வண்டி. மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குள்ளே பலகை பெஞ்சுகூட உண்டு. ஒவ்வொன்றின் விலாவிலும் சிறகு வைத்த சக்கரம், நடுவில் பனை.

இங்கேதான் அவள் ஒரு தப்புச் செய்தாள். அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை; அவளைப் போலச் சபைக்குள் வளர்ந்த யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள். அறுப்பின் பண்டிகைக்கு ஆளாளுக்குத் தன் உழைப்பில் முதல்பலனை ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். பூசணிக்காய், கருப்பட்டி, சேவல், ஆட்டுக்குட்டி, கேக்கு, எல்லாம் வரும். ஆராதனை முடிந்ததும் வெளியே மேசை போட்டு ஏலம் விடுவார்கள். அதில் ஒரு வழக்கம் உண்டு. கொண்டுவந்தவரே தன் பொருளை ஏலத்தில் கேட்டால், மற்றவர்கள் சும்மா ஒன்றிரண்டு தடவை ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். காணிக்கைக் காசு கோயிலுக்குப் போய்விடும், பொருள் ஆசீர்வாதமாக வீட்டுக்குத் திரும்பிவிடும். வளர்த்த ஆட்டைப் பிரிய மாட்டாத கிழவிகள் வருஷா வருஷம் அதே ஆட்டைக் கொண்டுவந்து அதையே ஓட்டிக்கொண்டு போவதும் உண்டு. டீச்சரும் அப்படித்தான் நினைத்தாள். ரயில் ஆண்டவர் கைக்குப் போய்த் தன் கைக்கு வரும். காணிக்கை சரக்காகுமா? கோயில் கடையாகுமா? அவளுக்கு அப்படி ஒரு யோசனையே வரவில்லை.

பண்டிகையன்று மேசையில் பூசணிக்காய்களுக்கு நடுவே ரயில் நின்றது. ஜனம் மொய்த்துவிட்டது. உபதேசியார் என்ஜினைத் தூக்கிப் பிடித்து, “அற்புதமணி டீச்சர் காணிக்கை! கேக்கிறவங்க கேளுங்க!” என்று கூவினார்.

செல்வதுரை முன்வரிசையில் எழுந்து தொண்டையைச் செருமினார். பட்டுக்கரை வேட்டி, கையில் ஒரு காகிதம்.

“ஒரு நிமிசம். எனக்குச் சொல்லவே சங்கடமா இருக்கு. இதுல போட்டிருக்கது நம்ம டிரேட் மார்க். நம்ம மார்க்கப் போட்ட பொம்மைய நம்ம அனுமதியில்லாம இன்னொருத்தர் விலைக்கு விட்டா அது குத்தம். எனக்காகச் சொல்லல, சபைக்கு ஒரு வில்லங்கம் வந்துறக் கூடாதுல்லா?”

“அண்ணாச்சி, இது காணிக்கை” என்றாள் டீச்சர்.

“காணிக்கைதான் டீச்சர், யாரு இல்லன்னா? ஆனா ஏலத்துல கூவுனா அது விலைதான?”

குருவானவர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு ஆலயக் கூரையில் செல்வதுரை மாற்றிக் கொடுத்த புது ஓடுகளைப் பார்த்தார். பாவம், மனுஷன் வேறு எங்கே பார்க்க முடியும்! “டீச்சரம்மா, சின்னத்த மட்டும் எடுத்துட்டா என்ன? ரயில் ரயிலாத்தான இருக்கும்? விட்டுக்குடுத்துப் போறதுதான் நமக்கு அழகு.”

விட்டுக்கொடுக்கச் சொல்ல ஊருக்குள் எப்போதும் ஒரு இளிச்சவாய் கிடைத்துவிடுகிறது. கமிட்டியார் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ஒருவர் பூசணிக்காய் வெட்டுகிற கத்தியை எடுத்துக்கொண்டு மேசைக்கே வந்துவிட்டார்.

“தொடாதீங்க!” என்று டீச்சர் போட்ட சத்தத்தில் கட்டிப் போட்டிருந்த சேவல் சிறகடித்தது. “நானே எடுக்கேன்.”

பொருத்தனை பண்ணிய பொருளைத் திருப்பி எடுத்துக்கொண்டு போக முடியாது. அதன்மேல் கத்தி படவும் விட முடியாது. ஆலய விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயைத் துணியில் நனைத்து, ஒவ்வொரு பெட்டியாக அவளே துடைத்தாள். பச்சையும் சிவப்பும் குழம்பி, சக்கரம் போய், சிறகு போய், கடைசியில் பனை போயிற்று. அத்தனை பேரும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அந்தக் கூட்டத்தில் அவள் சின்னம் எழுதிக் கொடுத்தவர்களும் நின்றார்கள். கிளார்க், ‘நான் அப்பவே சுரண்டிட்டேன்’ என்பது போல ஒரு முகம் வைத்திருந்தார். அவள் விரலெல்லாம் பெயிண்ட். அந்த விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டு, “இப்போ கூவுங்க” என்றாள்.

உபதேசியார் கூவினார். டீச்சர் கேட்டாள். ரெண்டு பேர் வழக்கத்துக்கு ஏற்றிவிட்டு ஒதுங்கினார்கள். “ஒரு தரம்... ரெண்டு தரம்...”

செல்வதுரை ஏற்றினார்.

ஜனம் திரும்பி அவரைப் பார்த்தது. கொண்டுவந்தவர் கேட்கும்போது மேலே போகிற வழக்கம் அந்தச் சபையில் இல்லை. டீச்சர் மறுபடி ஏற்றினாள். அவர் மறுபடி ஏற்றினார். அவள் ஒரு மாசச் சம்பளத்தைத் தொட்டாள். அவர் சிரித்துக்கொண்டே அதைத் தாண்டினார். “எல்லாம் கோயிலுக்குத்தான டீச்சர்” என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. கார்டய்யா அவள் பின்னால் வந்து, “விட்டுருங்கம்மா, அந்த ஆளோட உங்களுக்கு ஏலாது” என்று முனகினார். ஒருவராவது, “இது முறையில்லை அண்ணாச்சி” என்று வாயைத் திறந்தார்களா? மென்று விழுங்கினார்கள். டீச்சரிடம் அதற்கு மேல் கேட்கப் பணம் இல்லை.

“மூணு தரம்!”

அந்தச் சபையில் அதுவரை எந்தப் பொருளும் போகாத விலை. சபையார் கை தட்டினார்கள். ஆமாம், தட்டினார்கள்! குருவானவர் செல்வதுரையின் தலையில் கை வைத்து ஜெபமும் பண்ணினார். அற்புதமணி டீச்சர் ஆராதனைக்குப் போட்டுவந்த செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, ஆலயத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடி வழியாக வீட்டுக்கு நடந்தாள். சாப்பாட்டுக்கு அவள் இருக்கவில்லை.

இரண்டொரு வாரத்தில் ரயில் கிரேட் காட்டன் ரோட்டுக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றது. துடைத்த இடத்தில் எல்லாம் சிவகாசியில் அச்சடித்த லேபிள் ஒட்டியிருந்தது: சிறகு வைத்த சக்கரம், நடுவில் பனை, கீழே ‘செல்வதுரை ஸ்டோர்ஸ், சொந்தத் தயாரிப்பு’. அவள் வரைந்து கொடுத்த அதே படம். பள்ளிக்கூடப் பிள்ளைகள், “டீச்சர், உங்க ரயில் கடையில நிக்கி!” என்று ஓடிவந்து சொன்னார்கள். “அது என் ரயில் இல்ல, ஊசியில நூலக் கோருங்க” என்றாள். அந்தப் பக்கமே போகாமல், சந்தைக்குச் சுற்றுவழியில் போய்வந்தாள்.

கடல் காற்றுக்கு லேபிள் நிற்குமா? மூலை கிளம்பிச் சுருண்டது. ஒரு போர்டு எழுதுகிற ஆளைப் பிடித்து எழுத வைத்தார்கள். அவன் பனை எழுதினால் துடைப்பம் மாதிரி வந்தது. அந்தச் சமயம் பார்த்து மதராஸிலிருந்து ஒரு பெரிய ஏஜெண்ட் இந்த ரயிலைப் பார்த்துச் சரக்கு எடுக்க வருவதாகச் செய்தி.

ஒரு நாள் சாயந்திரம் செல்வதுரை டீச்சர் வீட்டு வாசலில் நின்றார். துண்டில் பொதிந்து ரயிலைக் கொண்டுவந்திருந்தார். என்ன முகம் அது! ஒன்றுமே நடக்காத மாதிரி ஒரு சிரிப்பு.

“டீச்சர், பழச மனசுல வச்சுக்கிடாதீங்க. நமக்குள்ள என்ன இருக்கு? இந்தச் சின்னத்த மட்டும் உங்க கையால எழுதிக் குடுத்துருங்க. கூலி நீங்க சொல்லுததுதான். இதுக்குன்னு இல்ல, மாசா மாசம் வேலை தாரேன். பழைய மாதிரி நீங்க பாட்டுக்கு எழுதிட்டே இருக்கலாம்.”

அவள் துண்டைப் பிரித்தாள். என்ஜின் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. கடையில் யாரோ எடுத்துக் கீழே போட்டிருக்கிறார்கள், அச்சு வளைந்திருந்தது. அவள் கை அதன்மேல் சற்று நேரம் அப்படியே இருந்தது. எழுதிக் கொடுத்தால் போதும், மறுபடியும் அது மணியாச்சி வண்டி ஆகிவிடும். பனை, சிறகு, எல்லாம் அவள் விரல் நுனியில்தான் இருந்தது. கூடத்து மூலையில் பெயிண்ட் டப்பாக்களும் மூடிக் கிடந்தன.

அவள் உள்ளே போய்க் குறடும் எண்ணெயும் எடுத்துவந்தாள். தரையில் உட்கார்ந்து அச்சைக் கழற்றி நிமிர்த்தினாள். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள். வில்லில் எண்ணெய் விட்டாள். செல்வதுரைக்கு வாயெல்லாம் பல். “அதான் டீச்சர்! உங்க குணம் எனக்குத் தெரியாதா?” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காப்பி வருமா என்று அடுக்களைப் பக்கம் ஒரு பார்வையும் பார்த்தார்.

பேல் பட்டைத் தண்டவாளத்தில் ரயிலை வைத்துச் சாவி கொடுத்தாள். வண்டி கூடத்தைச் சுற்றியது, நாற்காலிக்கு அடியில் நுழைந்து வெளியே வந்தது, அடுக்களை வாசலில் நின்றது. அவள் அதை எடுத்து, லேபிள்களின் மிச்சத்தைக்கூடத் தொடாமல், அவர் கொண்டுவந்த துண்டிலேயே பொதிந்து அவர் மடியில் வைத்தாள்.

“ரயில் நான் செஞ்சது அண்ணாச்சி, அது நல்லா ஓடணும். ஓடும். சின்னம் உங்களதுல்லா? நீங்களே எழுதிக்கிடுங்க.”

செல்வதுரை சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அவள் முகத்தைப் பார்த்தார். “என்ன டீச்சர் விளையாடுதீங்க? எனக்கு எழுத வராதே!”

“தெரியும்” என்றாள் அற்புதமணி. அவர் எழுந்திருக்கும் வரை நின்று, வெளியே போனதும் கதவைச் சாத்தினாள்.